நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

இரட்டையரைச் சுமக்கும் தாய்க்கு 12ஆம் வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் ஏன் இவ்வளவு முக்கியம்?

இரட்டை வாழைப்பழம் சாப்பிட்டால் இரட்டைக் குழந்தை பிறக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழத்துக்கும் இரட்டையருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது படிவம் 4 உயிரியல் படித்தவர்களுக்குத் தெரியும். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்தால் ஒருகரு இரட்டையர். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றால் இருகரு இரட்டையர். முதல் வகையினர் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருப்பார்கள். இரண்டாம் வகையினர் மற்ற உடன்பிறப்புகளைப் போலத்தான். ஒரே நேரத்தில் ஒரே கருப்பையில் வளர்ந்திருப்பார்கள், அவ்வளவே.

தேர்வில் இரட்டையரைப் பற்றிக் கேட்டால், “இவர்கள் ஒருகரு இரட்டையரா, இருகரு இரட்டையரா?” என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆனால், ஸ்கேன் திரையில் இரண்டு கருக்களைக் கண்டதும் மகப்பேறு மருத்துவர் தேடும் விடை வேறு. “இந்த இரண்டு கருக்களுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?” என்பதே அவருடைய கேள்வி.

நஞ்சுக்கொடி என்பது நீங்கள் பாடநூலில் ‘பிளசென்டா’ என்று படிக்கும் உறுப்பு. தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனையும் சத்துகளையும் பெற்றுக் கருவுக்குக் கொடுப்பதும், கருவின் கழிவைத் தாயிடம் சேர்ப்பதும் அதன் வேலை. கருவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் இடையில் பாலமாக இருப்பது தொப்புள்கொடி.

மருத்துவரின் அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை கிடைக்கும் காலம் கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்கள் வரை. அதைத் தவறவிட்டால் விடை மெல்ல மெல்ல மங்கிவிடுகிறது. சில குழந்தைகளின் உயிரே அந்த விடையைப் பொறுத்திருக்கிறது.

எந்த நாளில் பிரிந்தது?

ஒருகரு இரட்டையர் என்றாலே நஞ்சுக்கொடி ஒன்றுதான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கரு எந்த நாளில் இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

கருவுற்ற முதல் மூன்று நாள்களுக்குள் பிரிந்தால், ஒவ்வொரு பாதிக்கும் தனி நஞ்சுக்கொடியும் தனிப் பனிக்குடமும் உருவாகும். பனிக்குடம் என்பது கரு மிதக்கும் நீர்ப்பை. ஒருகரு இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இந்த வகை. நான்காம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான் வளர்கிறார்கள். எட்டாம் நாளுக்குப் பிறகு பிரிந்தால் நஞ்சுக்கொடியும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. இது மிக அரிது. நூறு ஒருகரு இரட்டையரில் ஒரு சோடி அளவில்தான் இருக்கும். ஏறத்தாழ 13ஆம் நாளுக்குப் பிறகு பிரியத் தொடங்கினால் பிரிவு முழுமையடையாமல் போகலாம். அவர்கள்தாம் உடல் ஒட்டிய இரட்டையர்.

இருகரு இரட்டையருக்கு எப்போதும் இரண்டு நஞ்சுக்கொடிகள்தாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவை பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து, பார்வைக்கு ஒன்று போல ஒட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டு கருக்களும் ஒரே பாலினம், நஞ்சுக்கொடியும் ஒன்று போலத் தெரிகிறது என்றால், உண்மையில் இருப்பது ஒன்றா, ஒட்டிய இரண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு முதலில், இருட்டான கருப்பைக்குள் மருத்துவர் எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கொதிகலனிலிருந்து கருப்பைக்கு

நம் காதுக்குக் கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. அதற்கு மேல் உள்ளதை மீயொலி என்கிறோம். வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி சில மில்லியன் ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மீயொலியை அனுப்புகிறது. ஏன் அவ்வளவு அதிகம்? படிவம் 4 இயற்பியலில் படித்த சமன்பாட்டை நினைத்துப் பாருங்கள். அலையின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். உடலின் மென்மையான திசுக்களில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். அதிர்வெண் 1,000 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.54 மீட்டர். அதைக் கொண்டு ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள கருவைப் பார்க்க முடியாது. அதிர்வெண் 3.5 மில்லியன் ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 0.44 மில்லிமீட்டர்தான். இப்போது மெல்லிய படலம்கூடத் திரையில் தெரியும்.

மீயொலியை உருவாக்கும் அடிப்படையை 1880இல் பிரெஞ்சுச் சகோதரர்கள் ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டுபிடித்தார்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று அவர்கள் காட்டினார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதும் பிறகு உறுதியானது. முதலாம் உலகப் போரில் கடலடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடவும், பின்னர் இரும்புக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கவும் இந்த அறிவு பயன்பட்டது.

அதைக் கருப்பைக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் இருந்த அவருக்கு ரேடார், சோனார் கருவிகள் பழக்கமானவை. 1955இல், அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே இருந்தது. இரும்பின் குறையைத் தேடும் கருவியைக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நீர் நிறைந்த கட்டி ஒருவிதமான எதிரொலியைத் தந்தது. சதைக் கட்டி வேறுவிதமாகத் தந்தது.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விக்கார் என்ற மருத்துவரும் டொனால்டுடன் சேர்ந்தார்கள். குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றை அவர்கள் கருவியால் ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்தது சூலகத்தில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டி. அதை அகற்றியதும் அவர் பிழைத்துக்கொண்டார். 1958 ஜூன் மாதம் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் மூவரின் கட்டுரை வெளிவந்தது. அதில் கருப்பையில் இருக்கும் கருவின் மீயொலிப் படங்களும் இருந்தன.

அதுவரை கருவைப் பார்க்க எக்ஸ்ரே கதிர்தான் வழி. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பதற்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக இங்கிலாந்தின் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956இல் எச்சரித்திருந்தார். மீயொலி எக்ஸ்ரேயைப் போல அணுக்களை அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல. சரியான நேரத்தில்தான் அது மகப்பேற்று மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது.

படலம் எழுதும் எழுத்து

இப்போது ‘ஒன்றா, ஒட்டிய இரண்டா’ என்ற கேள்விக்கு வருவோம்.

கருவைச் சுற்றி இரண்டு படலங்கள் உண்டு. உட்புறம் இருப்பது அம்னியான். பனிக்குடத்தின் சுவர் இதுதான். வெளிப்புறம் இருப்பது சற்றுத் தடித்த கோரியான். நஞ்சுக்கொடி இதிலிருந்துதான் வளர்கிறது. இரண்டு நஞ்சுக்கொடிகள் இருந்தால், இரட்டையருக்கு நடுவிலுள்ள தடுப்பில் இரண்டு அம்னியான் படலங்களுடன் இரண்டு கோரியான் படலங்களும் இருக்கும். அந்தத் தடுப்பு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் கோரியான் திசு ஓர் ஆப்பு போல உள்ளே நுழைந்திருக்கும். திரையில் அது, அடிப்பகுதி விரிந்த மரம் மண்ணில் நிற்பது போலத் தெரியும். கிரேக்க எழுத்தான லாம்டாவின் வடிவத்தை ஒத்திருப்பதால் இதை ‘லாம்டா அடையாளம்’ என்கிறார்கள். இயற்பியலில் அலைநீளத்தைக் குறிக்க நீங்கள் எழுதும் அதே எழுத்துதான்.

நஞ்சுக்கொடி ஒன்றே என்றால், தடுப்பில் இரண்டு மெல்லிய அம்னியான் படலங்கள் மட்டுமே இருக்கும். ஆப்பு இருக்காது. தடுப்பு நஞ்சுக்கொடியைச் செங்கோணத்தில் தொடும். ஆங்கில எழுத்து ‘டி’யைப் போல இருப்பதால் இது ‘டி அடையாளம்’.

லாம்டா அடையாளத்தைப் பிரான்சு மருத்துவர்கள் பெஸ்ஸியும் பாபியர்னிக்கும் 1981இல் விவரித்தார்கள். 10 முதல் 14 வாரங்களுக்குள் பார்த்தால் இந்த அடையாளம் நஞ்சுக்கொடிகளின் எண்ணிக்கையை நம்பகமாகச் சொல்கிறது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கிப்ரோஸ் நிக்கோலாய்டிஸ் குழுவினர் 1996இல் காட்டினார்கள்.

அந்த வாரங்களுக்கு அப்படி என்ன சிறப்பு? கரு வளர வளர, நஞ்சுக்கொடியாக மாறாத கோரியான் பகுதி தேய்ந்து மெலிகிறது. ஆப்பும் சிறுத்துப் போகிறது. 20ஆம் வாரத்தில் சிலருக்கு லாம்டா தெரியாமலே போய்விடும். அப்போது இரண்டு நஞ்சுக்கொடிகளை ஒன்று என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. இதனால்தான் மருத்துவர்கள் இந்த விடையை 14ஆம் வாரத்துக்குள் கண்டு, படத்துடன் பதிவு செய்துவிட வேண்டும் என்கிறார்கள்.

கொடுக்கும் கரு, வாங்கும் கரு

சரி, நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்தால் என்ன ஆபத்து? ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்கள் வாழ்வதில்லையா? வாழலாம், பெரும்பாலான இரட்டையர் அப்படி நலமாகப் பிறக்கவும் செய்கிறார்கள். ஆனால் வீட்டின் தண்ணீர்க் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் கருக்களின் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். ஒரு கருவின் தமனியிலிருந்து இன்னொரு கருவின் சிரைக்கு இரத்தம் போனால், அந்த இணைப்பு ஒருவழிப் பாதை. எதிர்த்திசையிலும் அதே அளவு இரத்தம் திரும்பினால் கவலையில்லை. அப்படிச் சமன் ஆகாவிட்டால் ஒரு கரு கொடுத்துக்கொண்டே இருக்கும். மற்றது வாங்கிக்கொண்டே இருக்கும். இதுதான் ‘இரட்டையரிடை இரத்தமாற்ற நோய்க்குறி’. ஒரு நஞ்சுக்கொடி இரட்டையரில் 100க்கு 10 முதல் 15 சோடிகளுக்கு இது ஏற்படுகிறது. பெரும்பாலும் 16ஆம் வாரத்துக்கும் 26ஆம் வாரத்துக்கும் இடையில் தலைகாட்டும்.

கொடுக்கும் கருவுக்கு இரத்தம் குறைகிறது. சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் போவதில்லை. சிறுநீர் சுரப்பது குறைகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி கருவின் சிறுநீர்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே அந்தக் கருவின் பனிக்குடம் வற்றுகிறது. படலம் உடலோடு ஒட்டிக்கொள்ள, கரு கருப்பைச் சுவரோரம் அசையாமல் சிக்கிக்கொள்கிறது.

அப்படியானால் வாங்கும் கரு கொடுத்துவைத்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. அளவுக்கு மீறிய இரத்தத்தைத் தள்ளித் தள்ளி அதன் இதயம் களைத்துப் போகிறது. சிறுநீர் அதிகமாகி, பனிக்குடம் நிரம்பி வழியும் குடம் போல ஆகிறது. தாயின் வயிறு சில நாள்களிலேயே திடீரெனப் பெருத்து இறுகும், மூச்சு வாங்கும், குறைமாதத்தில் பிரசவ வலி வரலாம். கடுமையான நிலையில் சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளுமே பிழைப்பதில்லை.

இதைக் கண்டறிய ஸ்கேனில் அளப்பது மிக எளிய ஒன்றை: நீரின் ஆழம். ஒரு பனிக்குடத்தில் மிக ஆழமான இடமே 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, மற்றதில் 8 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் அதிகம் என்றால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, கொடுக்கும் கருவின் சிறுநீர்ப்பை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால் நோய் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது. இப்படி ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை ரூபன் குவின்டெரோ 1999இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நஞ்சுக்கொடிக்குள் ஓர் அறுவை

ஒரே நஞ்சுக்கொடியில் இரத்தக் குழாய்கள் இணைந்திருப்பதை ஜெர்மன் மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஷாட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருந்தார். ஆனால் அவர் ஆராய்ந்தது பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடிகளை. காரணம் தெரிந்தும், கருவில் இருக்கும்போது எதுவும் செய்ய வழியில்லாமல் சுமார் நூறு ஆண்டுகள் போயின.

மருத்துவர்கள் நெடுங்காலம் செய்தது, நிரம்பிய பனிக்குடத்திலிருந்து ஊசி வழியாக நீரை வடிப்பது. இணைப்பு அப்படியே இருப்பதால் நீர் மறுபடியும் சேரும். இணைப்பையே அடைத்தால் என்ன என்று யோசித்தார் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா. சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள நோக்குக்குழாயைக் கருப்பைக்குள் செலுத்தி, நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் ஓடும் இணைப்புக் குழாய்களை லேசர் கதிரால் சுட்டு அடைத்தார். அந்த முதல் அனுபவங்களை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்டார்கள்.

நீரை வடிப்பது நல்லதா, லேசர் நல்லதா? இதற்கு விடை காண 142 தாய்மாரிடம் ஆய்வு நடந்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. 2004இல் வெளிவந்த முடிவுப்படி, பிறந்து 28 நாள் வரை குறைந்தது ஒரு குழந்தையாவது உயிருடன் இருந்த குடும்பங்கள் லேசர் பிரிவில் 76 விழுக்காடு. நீர் வடித்த பிரிவில் 56 விழுக்காடு. வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலும் தொடர்ந்து, பாதிப் பேருக்குக் குறைந்த பலனுள்ள சிகிச்சையைக் கொடுப்பது நியாயமல்ல அல்லவா?

அந்த எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். லேசர் பிரிவிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பம் இரு குழந்தைகளையும் இழந்தது. லேசர் மந்திரக்கோல் அல்ல. நோய் முற்றுவதற்குள் கண்டுபிடிப்பதுதான் அதற்கும் கைகொடுக்கும்.

இறந்ததாகத் தெரிந்தும் வளரும் கரு

இதைவிட அரிதான இன்னொரு சிக்கல் உண்டு. சுமார் 35,000 கர்ப்பங்களில் ஒன்றில்தான் வரும். ‘தலைகீழ்த் தமனி ஓட்டம்’ என்று இதைச் சொல்லலாம். மருத்துவர்கள் சுருக்கமாக ‘டிராப்’ என்பார்கள்.

சாதாரணமாக, தொப்புள்கொடியின் தமனிகள் இரத்தத்தைக் கருவிலிருந்து நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகும். சிரை அதைக் கருவுக்குத் திரும்பக் கொண்டுவரும். டிராப் நிலையில், ஒரு கருவின் தமனி இரத்தம் நஞ்சுக்கொடியிலுள்ள இணைப்பு வழியாக மற்ற கருவின் தமனிக்குள் எதிர்த்திசையில் நுழைகிறது. அந்த இரண்டாம் கருவுக்கு இயங்கும் இதயம் இருக்காது. முதல் கருவின் இதயமே இரண்டு உடல்களுக்கும் இரத்தத்தை இறைக்கும் பம்பாகிவிடும். வந்து சேர்வதோ ஆக்சிஜன் குறைந்த இரத்தம். அதுவும் முதலில் கால் பகுதிக்குத்தான் போகும். அதனால் அந்தக் கருவின் கீழ்ப்பகுதி ஓரளவு உருவாகும். தலையும் மேற்பகுதியும் பெரும்பாலும் உருவாகாது. அதற்குப் பிழைக்க வழியில்லை. அதைச் சுமக்கும் நலமான கருவின் இதயம் தளர்ந்துபோகாமல் காப்பதே மருத்துவரின் நோக்கம்.

ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை என்றதும், “இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டது” என்று முடிவு செய்துவிடுவது எளிது. ஆனால் அடுத்த ஸ்கேனில் அந்தக் கரு வளர்ந்திருந்தால் உடனே ஐயம் எழ வேண்டும். இறந்த கரு வளராது. ஐயத்தைத் தீர்ப்பது வண்ண டாப்ளர். நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் ஒலி கூர்மையாகவும், கடந்து போகும்போது தணிந்தும் கேட்பதற்குக் காரணமான அதே விளைவுதான். ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியின் அதிர்வெண் சற்று மாறும். கருவியை நோக்கி வரும் ஓட்டத்தைச் சிவப்பாகவும் விலகும் ஓட்டத்தை நீலமாகவும் திரை காட்டுவது வழக்கம். தொப்புள்கொடித் தமனியில் ஓட்டம் கருவை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால் சிக்கல் இன்னதென்று உறுதியாகிவிடும். 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே இதைக் கண்டறிய முடியும். பிறகு, இதயமில்லாத கருவுக்குப் போகும் இரத்த ஓட்டத்தை வெப்பத்தால் அடைத்து, மற்ற கருவின் இதயச் சுமையைக் குறைப்பார்கள்.

ஒரு சுவையான செய்தி. ஆஸ்திரியாவின் கிறிஸ்டியான் டாப்ளர் 1842இல் இந்த விளைவை முன்வைத்தபோது அவர் மனத்தில் இருந்தவை இரட்டை விண்மீன்கள். இன்று அதே விதி இரட்டைக் குழந்தைகளைக் காக்கிறது.

தடுப்பே தெரியாவிட்டால்

12ஆம் வார ஸ்கேனில் லாம்டாவும் இல்லை, டியும் இல்லை, தடுப்பே தெரியவில்லை என்றால் இரு கருக்களும் ஒரே பனிக்குடத்தில் இருக்கின்றன என்று பொருளாகலாம். அவை அசைந்து திரும்பும்போது தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அத்தகைய இரட்டையரைப் பெரும்பாலும் 32 முதல் 34 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை மூலம் பிரசவிக்கச் செய்வார்கள்.

கருக்கள் எப்போதும் ஒரே நிலையில், ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இருந்தால் உடல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டும் முடிவு சொல்லக் கூடாது. மிகச் சிறிய கருக்கள் நெருங்கிக் கிடந்தாலே ஒட்டியது போலத் தோன்றும். அதனால் மறுபடியும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். பாடநூலில் இவர்களைச் ‘சயாம் இரட்டையர்’ என்று படித்திருப்பீர்கள். நம் அண்டை நாடான தாய்லாந்து அப்போது சயாம் என்று அழைக்கப்பட்டது. அங்கே 1811இல் பிறந்த சாங், எங் சகோதரர்களால்தான் அந்தப் பெயர் வந்தது. நெஞ்சுப் பகுதியில் ஒட்டியிருந்த இருவரும் அமெரிக்காவில் குடியேறி, திருமணம் செய்துகொண்டு, 1874 வரை வாழ்ந்தார்கள்.

விடை தெரிந்தால் என்ன மாறும்?

ஒன்றைக் கவனித்தீர்களா? டிராப், உடல் ஒட்டிய நிலை போன்றவற்றை 12ஆம் வார ஸ்கேன் நேரடியாகவே காட்டிவிடும். ஆனால் இரத்தமாற்ற நோய்க்குறி அப்போது பெரும்பாலும் தொடங்கியே இருக்காது. பிறகு எதற்கு அந்த ஸ்கேன்? யாரை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இரண்டு நஞ்சுக்கொடி இரட்டையருக்குச் சிக்கல் ஏதும் இல்லாதபோது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் போதும் என்பது பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி. ஒரு நஞ்சுக்கொடி என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நோய் சில நாள்களிலேயே முற்றிவிடக்கூடும் என்பதால்தான் இந்த இடைவெளி. நஞ்சுக்கொடி ஒன்று என்று தெரியாத தாய், மற்றவர்களைப் போல நான்கு வாரம் கழித்தே வருவார். அதற்குள் காலம் கடந்திருக்கலாம்.

நம் வீடுகளில், மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற பழக்கம் இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் கிளினிக்குக்கும் சொல்லாமல் இருந்துவிட்டால், மூன்று மாதம் முடியும்போது லாம்டா தெளிவாகத் தெரியும் வாரங்களும் முடிந்துவிடும். 12 வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று நம் சுகாதார அமைச்சு சொல்வதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ சின்னம்மாவோ இரட்டையரைச் சுமந்தால், “ஆணா, பெண்ணா?” என்று கேட்பதற்கு முன், “நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று டாக்டர் சொன்னாரா? ‘பிங்க் புக்’கில் எழுதியிருக்கிறார்களா?” என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். வயிறு திடீரென்று பெருத்து இறுகினால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஸ்கேன் கருவி அனுப்பிய மீயொலி, ஒரு படலத்தில் பட்டு 0.0001 வினாடியில் திரும்புகிறது. திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,540 மீட்டர் என்றால் படலம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

2. மருத்துவர்கள் கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கருவுறுதல் அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து நடக்கும். அப்படியானால் ‘12ஆம் வார’ ஸ்கேனின்போது கருவின் உண்மையான வயது எவ்வளவு?

விடைகள்: (1) 7.7 சென்டிமீட்டர். ஒலி போய்த் திரும்பிய மொத்தத் தூரம் 15.4 சென்டிமீட்டர், ஆழம் அதில் பாதி. (2) சுமார் 10 வாரம்.